காதைத் தொட வேண்டிய கை

மே 11, திங்கள்

பிசியோதெரபி பிரிவில் இருக்கும் ஷகிலா பானு எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என்ன பயிற்சி, எத்தனை முறை, கை எதுவரை போனது, பத்துக்கு எத்தனை வலி. தினமும் குறித்து அடுத்த திங்கட்கிழமை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இருபத்தாறு வருடமாக நான் பிள்ளைகளிடம் கேட்டு வந்த கணக்கை இப்போது ஒருத்தி என்னிடம் கேட்கிறாள். அவளுக்கு வயது இருபத்தைந்து இருந்தால் அதிகம்.

விஷயம் இதுதான். டிசம்பரில் எனக்கு இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர்க் கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். கேன்சர். ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை ஆறு கீமோ ஊசி. இனி கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு. அதற்கு முதலில் மெஷினில் படுக்கவைத்து அளவெடுப்பார்கள். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, காதை ஒட்டி வைத்து, இருபது நிமிஷம் ஆடாமல் கிடக்க வேண்டும். என் கை தோள் உயரத்தைத் தாண்டவில்லை. கை குறுக்கே இருந்தால் கரண்ட் அதன் மேலும் படுமாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஊசி முடிஞ்ச களைப்பு இருக்கும். ஒரு வாரம் வீட்டுல ரெஸ்ட் எடுங்க. அந்த வாரத்துல கையை மேல கொண்டுவந்திருங்க. பதினெட்டாம் தேதி வாங்க. அதுக்கு மேல தள்ளிப்போடக் கூடாதும்மா" என்றார் டாக்டரம்மா. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. இவர் பக்கத்தில் நின்றார்.

அங்கிருந்து ஷகிலாவிடம் போனோம்.

"டிசம்பர்லயே எக்சர்சைஸ் பேப்பர் ஒண்ணு கொடுத்திருப்பாங்களே, செஞ்சீங்களா?"

"ஊசி போட்ட களைப்பு. செய்ய முடியல."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"பி.டி. டீச்சர்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் படியேறுவதுபோல மேலே ஏறுவது. மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்துத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது. கதவுக்கு மேல் கப்பி மாட்டி, கயிற்றை நல்ல கை இழுக்கக் கெட்ட கை ஏறுவது. ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

"அஞ்சுன்னா அஞ்சுதான். வலிச்சா நிறுத்திரணும்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். எனக்கு முன்னால் தலையாட்டிய பிள்ளைகள் எத்தனை பேர், அதில் செய்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

மாலை. சுவர்: 5. விரல் எட்டியது சுவிட்ச் போர்டின் மேல்விளிம்பு வரை. கம்பு: 5, மாப் கட்டையை வைத்துக்கொண்டேன். கப்பி: இன்னும் மாட்டவில்லை. வலி: 4.

வலி ஏழு. நாலு என்று எழுதியது ஷகிலாவுக்காக. காட்டுவதற்கு முன் இந்த வரியை அடித்துவிட வேண்டும்.

மே 12, செவ்வாய்

காலை. சுவர் 5, கம்பு 5. சுவிட்ச் போர்டுக்கு மேல் இரண்டு விரல்கடை. வலி 4.

இவர் காலை ஷிப்ட் முடிந்து மதியம் வரும்போது ஒரு கப்பி கொண்டுவந்தார். இவர் என்று எழுதினால் ஷகிலாவுக்குப் புரியாது. தனுஷ்கோடி, என் வீட்டுக்காரர், இங்கே அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். நிலைக்கு மேலே ஓட்டை போட்டுக் கொக்கி அடித்து, கப்பியை மாட்டி, நைலான் கயிறு விட்டு, கயிற்றின் இரண்டு முனையிலும் பழைய துண்டைக் கிழித்துச் சுற்றினார். கை அறுக்கக் கூடாதாம். பிறகு தானே கீழே நின்று பத்து முறை இழுத்துப் பார்த்தார். ஸ்டூலில் இருந்து இறங்கியவர் சுவரில் விழுந்த சிமெண்ட் பொடியைக்கூடத் துடைத்துவிட்டார்.

"நீ இழு டீச்சர், நான் எண்ணுறேன்" என்றார். கல்யாணமான நாளில் இருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

இழுத்தேன். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து என்று எண்ணினார்.

"மூணு எங்க?"

"சொன்னேனே."

"சொல்லல. பிராடு."

இருபத்துமூன்று வருஷத்தில் நான் சொன்னதற்கு மாற்றி ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன். வீட்டுக்கு என்ன பெயிண்ட், பையன் என்ன படிப்பது, கல்யாண வீட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது, எல்லாம் நான் சொன்னால் சொன்னதுதான். என் கூட வேலை பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லி அழும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். அவர் இன்றைக்கு எண்ணிக்கையில் ஏமாற்றுகிறார், நான் சீக்கிரம் முடித்து உட்கார வேண்டும் என்பதற்காக.

பையன் ஓசூரில் இருந்து வீடியோவில் வந்தான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பேசினேன். கப்பியைக் காட்டினேன். "சூப்பர்மா, ஹோம் ஜிம் போட்டுட்டாரு அப்பா" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். வைத்த பிறகு வீடு அமைதியாகிவிட்டது.

ராத்திரி இவர் ஹாலில் படுக்கிறார். டிசம்பரில் இருந்து அப்படித்தான். தூக்கத்தில் என் கையில் இடித்துவிடுவாராம். ஹாலில் காற்றும் நன்றாக வரும்.

மே 13, புதன்

காலை. சுவர் 5, கம்பு 5, கப்பி 5. சுவிட்ச் போர்டுக்கு மேல் நாலு விரல்கடை. மூன்றாவது நாளில் நாலு விரல்கடை என்றால் பதினெட்டாம் தேதிக்குள் எங்கே போய்ச் சேர்வது? ஒரு பிள்ளை இந்த வேகத்தில் தயாரானால் நான் டீமில் எடுத்திருக்க மாட்டேன்.

வெயில் அப்படி அடிக்கிறது. காலை பத்து மணிக்கே தரை சுடுகிறது. நாக்கில் இன்னும் ருசி வரவில்லை. இவர் வைத்த ரசத்தில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் "நல்லா இருக்கு" என்றேன். நகம் எல்லாம் கறுத்துக் கிடக்கிறது.

மதியம் சயின்ஸ் டீச்சர் மேரி செல்வராணி பார்க்க வந்தார். மாதுளை வாங்கி வந்திருந்தார். ஊசி போடும் நாட்களில் வராததற்கு மன்னிப்புக் கேட்டார். வராததே நல்லது, அப்போது நான் ஆளாகவே இல்லை என்றேன். கப்பியை இழுத்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வந்தார்.

"மொதல்ல எப்ப டீச்சர் பாத்தீங்க?"

"நவம்பர்ல. ஸ்டேட் மேட்ச் முடிஞ்ச வாரம். குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு."

"நல்லவேளை, உடனே போயிட்டீங்க. ஜூலைல ஹேண்ட்பால் பிராக்டிஸ்ல நெஞ்சுல பந்து பட்டுச்சே, அந்த வலியோடயே மூணு மேட்ச் முடிச்சீங்க. அம்புட்டுத் தெம்பான ஆளுக்கா இப்படி வரணும்?"

அப்போதுதான் தீய்ந்த வாடை வந்தது. அடுப்படிக்குப் போனால், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடக்கிறது. இவர் அடுப்புக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருக்கிறார். கண் பாலைத்தான் பார்க்கிறது. அணைக்கத் தோன்றவில்லை. நான்தான் போய் அணைத்தேன். இவருக்கும் ஐம்பத்துநாலு ஆகிவிட்டது, மறதி வரும் வயதுதான்.

மேரி போன பிறகு, இவரும் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில், மறுபடி செய்தேன். வலி எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் பயிற்சி ஆரம்பம் என்று கிரவுண்டில் நின்று கத்தியவள் நான். எனக்கு அந்த வசனம் மறந்துவிடுமா?

மாலை. சுவர்: 5. கம்பு: 5. கப்பி: 5. காலண்டரின் கீழ்விளிம்பு வரை. வலி: 5.

மே 14, வியாழன்

வீக்கம். எழுதப் பிடிக்கவில்லை.

மே 15, வெள்ளி

நேற்றுக் காலை எழுந்தபோது இடது கை மணிக்கட்டு வரை உப்பி, வளையல் சதைக்குள் பதிந்து கிடந்தது. இவர் நூல் வைத்து, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிஷம் மெதுவாகச் சுழற்றி அதைக் கழற்றினார். சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சுவிட்ச் போர்டுக்குக்கூட எட்டவில்லை. திங்கட்கிழமை இருந்ததற்கும் கீழே போய்விட்டேன்.

இன்றைக்கு இவர் ஷகிலாவுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"எத்தனை தடவை செஞ்சீங்க?"

"அஞ்சுதான்."

"டீச்சர்" என்றாள் அவள். வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளையை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேனே, அதே மாதிரி.

"இருபது. மூணுமே இருபது இருபது."

"கால் சுளுக்கின பொண்ணு ஒருத்தி ஓடுறேன்னு வந்தா விடுவீங்களா நீங்க?"

விட்டிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

காய்ச்சல் வந்தாலோ கை சிவந்தாலோ உடனே கிளம்பி வரச் சொன்னாள். இல்லையென்றால் இன்றைக்கு முழுக்கக் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும், பயிற்சி கிடையாது, நாளையில் இருந்து ஐந்து. "சாரை நீவிவிடச் சொல்லுங்க. ரொம்ப மெதுவா. விரல்ல ஆரம்பிச்சு மேல பாத்து, தோள் வரைக்கும், அப்படியே நெஞ்சுப் பக்கமா" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தது. இவரும் கேட்டார்.

ஐந்து மாதமாகக் குளியலறையில் விளக்கைப் போடாமல்தான் துணி மாற்றுகிறேன். நான் பார்த்ததில்லை, இவருக்கும் காட்டியதில்லை. இன்றைக்கு நைட்டியின் தோள் பக்கத்தைத் தளர்த்தி உட்கார்ந்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விரலில் ஆரம்பித்தார். மணிக்கட்டு, முழங்கை, தோள். மில்லில் முடியளவு இடைவெளி பார்த்துத் திருகாணி முடுக்கும் கை அது. அப்படித்தான் நீவினார். தோளைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் வர வேண்டிய இடத்தில் அந்தக் கை நின்றுவிட்டது. திரும்ப விரலில் இருந்து ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது. நாலைந்து முறை அப்படித்தான். நிமிர்ந்து பார்த்தேன். முகமெல்லாம் நனைந்திருந்தது. கரண்ட் இல்லை, மின்விசிறி ஓடவில்லை, அறையும் சாத்தியிருக்கிறது. வேர்வையாக இருக்கும்.

அருவருப்பா என்று கேட்க வாய் வரை வந்தது. ஆமாம் என்று சொன்னால் என்ன செய்வேன்? இல்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டேன். கேட்கவில்லை.

நைட்டியைச் சரிசெய்து கொண்டபோது, "டீச்சர், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

கப்பியை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு எண்ணெய் விடணும், கிறீச்சுங்குது" என்று எழுந்து போனார்.

நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். பதினெட்டாம் தேதிக்கு இன்னும் இரண்டு நாள்தான் நடுவில் இருக்கிறது.

மே 16, சனி

காலை 5, 5, 5. நிஜமாகவே ஐந்து. சுவிட்ச் போர்டு.
மதியம் 5, 5, 5. காலண்டரின் கீழ்விளிம்பு. வீக்கம் வடிந்திருக்கிறது.
மாலை 5, 5, 5. காலண்டர் மாட்டிய ஆணியை நடுவிரல் தொட்டது. வலி 6. இது நிஜமான ஆறு.

ஆணியைத் தொட்டவுடன் அப்படியே சுவரில் நெற்றியை வைத்து அழுதேன். இவர் கடைக்குப் போயிருந்தார்.

இந்த நோட்டை ஷகிலாவிடம் காட்டப்போவதில்லை. எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். அதனால் இங்கே எழுதலாம்.

நவம்பர் இல்லை. ஜூலை.

பந்து பட்டது ஜூலை பத்தொன்பதாம் தேதி. கோல்கீப்பருக்கு வேகமாக எறிந்து காட்டச் சொல்லி நான்தான் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தேன், ஒரு பந்து என் மேல் வந்தது. அடுத்த நாள் குளிக்கும்போது கையில் பட்டது. நெல்லிக்காய் அளவு. அடிபட்ட வீக்கம் என்று ஐஸ் வைத்தேன். பிறகு வெந்நீர் ஒத்தடம். பிறகு பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியில் இருந்து கிரேப் பேண்டேஜ் எடுத்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு மேட்ச்சுக்குப் போனேன். சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் ஆயிரம் பிள்ளைகளுக்கு நான் பார்த்த வைத்தியம். ஐந்து நாளில் வடியாத வீக்கத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். பந்து பட்டது மேலே, காறை எலும்பின் பக்கம். அங்கேதான் கன்றியிருந்தது. கட்டி இருந்தது கீழே, அக்குளை ஒட்டி. இரண்டும் வேறு வேறு இடம். எனக்கு அது முதல் நாளே தெரியும்.

ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. மண்டல மேட்ச் முடியட்டும், மாவட்டம் முடியட்டும், ஸ்டேட் முடியட்டும் என்று சொல்லிக்கொண்டேன். மேட்ச் எல்லாம் சாக்கு. எனக்குப் பயம். கிரவுண்டில் பாம்பு வந்தபோது பிள்ளைகளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போனவள் என்று பெயர். ஒரு டாக்டர் முன்னால் போய் உட்காரப் பயந்து நாலு மாதம் பேண்டேஜ் கட்டினேன்.

அக்குளில் எடுத்தது பதினொன்று. அதில் நாலில் பரவியிருந்தது. ஜூலையில் எத்தனையில் இருந்திருக்கும்? படுத்தால் இந்த ஒரு கணக்குத்தான் ஓடுகிறது.

டிசம்பரில் கொடுத்த பயிற்சிப் பேப்பரை பீரோவில் துணிக்கு அடியில் வைத்ததற்குக் காரணம் களைப்பு இல்லை. கையைத் தூக்கினால் அந்த இடம் தெரியும். தெரிந்துகொண்டே சும்மா விட்ட இடம். அதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. பார்க்காமல் இருந்து இருந்து இப்போது கையும் கெட்டது.

இவருக்கு ஜூலை தெரியாது. நவம்பரில் சொன்னவுடன் லீவு போட்டு, அன்றைக்கு மதியமே மதுரைக்கு அழைத்துப் போனார். அடுத்த ஆறு மாதத்தில் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. நாலு மாதம் மறைத்தேன் என்று தெரிந்தால் இந்த மனுஷன் நொறுங்கிப்போவார். ஆனால் சொல்லாமல் இனி முடியாது. கை ஏறுகிறதோ இல்லையோ, சொல்லிவிட வேண்டும்.

மே 17, ஞாயிறு

காலையும் மதியமும் 5, 5, 5. காலண்டர் ஆணிக்கு மேல் இரண்டு விரல்கடை.

மாலை ஒத்திகை. ஹாலில் பாய் விரித்து மல்லாந்து படுத்தேன். இவர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தார். கை மேலே போனது. காதைத் தொடவில்லை, நடுவில் இரண்டு விரல் நுழையும்.

முதல் தடவை ஆறு நிமிஷம். அக்குளில் இருந்து முழங்கை வரை உள்ளே கயிறுபோல ஒன்று விண்ணென்று இழுக்கிறது. இரண்டாவது தடவை பதினொன்று. மூன்றாவது தடவை பன்னிரண்டாவது நிமிஷத்தில் கை உதற ஆரம்பித்ததும், இவர் கடிகாரத்தைத் தள்ளிவைத்துவிட்டு என் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தார்.

"பாரத்தை என் மேல விடு."

"நாளைக்கு நீங்க அங்க வர முடியாது. மெஷின் இருக்கிற ரூம்ல வேற யாரையும் விட மாட்டாங்க."

"நாளைக்குத்தானே. இன்னைக்கு விடு."

விட்டேன். பதினாறு நிமிஷம் வந்தது. மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏங்க, நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

உள்ளங்கை ஒரு தடவை அசைந்தது. "நாளைக்கு முடியட்டும் டீச்சர். இப்ப மூச்சை மட்டும் விடு" என்றார். அவசரமாகச் சொன்னார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. முடியட்டும் என்பது எங்கள் வீட்டில் நான் கொண்டுவந்த வார்த்தை.

இருபது வரவில்லை.

மே 18, திங்கள்

காலை ஐந்தரை பஸ். மதுரை போய்ச் சேரும்போதே வெயில் ஏறிவிட்டது. எண்கள் எழுதிய தாளை ஷகிலாவிடம் கொடுத்தேன். வியாழன், வெள்ளிக்கு நேராக "செய்யவில்லை" என்று எழுதியிருந்தேன், புதன்கிழமை மாலைக்கு நேராக 20, 20, 20 என்று. பார்த்துவிட்டு என் கையைத் தன் கையில் எடுத்து இரண்டு நிமிஷம் அசைத்துக் கொடுத்தாள். "போங்க டீச்சர், வரும்" என்றாள்.

மெஷின் ரூமுக்குள் ஒரு பெண் இருந்தாள். மேலாடையைக் கழற்றச் சொன்னாள். அறை முழுக்க வெள்ளை விளக்கு. ஐந்து மாதமாக இருட்டில் துணி மாற்றியவள் அந்த வெளிச்சத்தில் போய்ப் படுத்தேன். சரிவான பலகை ஒன்று, அதில் கை வைக்க ஒரு தாங்கி. கையைத் தூக்கினேன். போதவில்லை.

"இன்னும் கொஞ்சம்மா."

தூக்கினேன்.

"இன்னும் ஒரே ஒரு இஞ்ச்."

உள்ளே ஏதோ அறுந்ததுபோல ஒரு வலி. கை தாங்கியில் உட்கார்ந்தது. மேல்கை காதில் பட்டது. என் தோல் அவ்வளவு சுடும் என்று எனக்கே தெரியவில்லை. "அப்படியே இருங்க, அசையாதீங்க" என்று சொல்லி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆயிரத்து இருநூறு வரை எண்ணுவது என்று முடிவுசெய்தேன். ஒரு எண்ணையும் விடவில்லை. நானூறில் விரல் மரத்தது. எழுநூறில் கண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கூடாது. தொள்ளாயிரத்தில் இறக்கிவிடலாம் என்று தோன்றியது. இறக்கினால் இன்னும் ஒரு வாரம் தள்ளும். தள்ளிப்போட்டது போதும். ஆயிரத்து முந்நூற்றுப் பத்தில் கதவு திறந்தது. கலர் மை வைத்து நெஞ்சில் கோடுகள் போட்டாள். "சூப்பரா இருந்தீங்கம்மா, கொஞ்சம்கூட அசையல" என்றாள். கையைக் கீழே இறக்க அவள்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு டாக்டரம்மாவின் அறை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இவர் பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. இருபத்தைந்து நாள் கரண்ட், இருபத்தேழாம் தேதி ஆரம்பம் என்றார் டாக்டரம்மா. பிறகு ஃபைலைப் புரட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"நவம்பர்ல கட்டியைப் பாத்தீங்க, டிசம்பர்ல ஆபரேஷன். சரிதானேம்மா?"

"இல்ல டாக்டர். நவம்பர் இல்ல, ஜூலை. நான்தான் அப்ப பொய் சொன்னேன்."

திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லாமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா நவம்பரை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதப் போனார்.

"ஜூன் டாக்டர்" என்றது கதவோரத்தில் இருந்து ஒரு குரல். இவர் குரல் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நான் ஒன்று சொல்லி, அதை மாற்றி இவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஜூன் ஒன்பது. எங்க கல்யாண நாளு. என் கையிலதான் மொதல்ல பட்டுச்சு. இவங்ககிட்ட அப்பவே கேட்டேன், இது என்ன, ஒருக்கா டாக்டர்ட்ட காட்டுவமான்னு. உடம்பப் பத்தி எனக்கே நீங்க பாடம் எடுக்குறீங்களான்னு கேட்டாங்க. அத்தோட விட்டுட்டேன். அஞ்சு மாசம் வாயை மூடிட்டு இருந்துட்டேன் டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு ஜூன் என்று எழுதினார்.

"ஜூன்லயே வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப யோசிக்காதீங்கம்மா. இனி ஆக வேண்டியதப் பாப்போம்" என்றார். அது பதில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

வராண்டாவில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்படி ஒன்று நான் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்த நாள் வரவில்லை. ஆனால் அது என் வாக்கியம்தான். அதைப்போல ஆயிரம் சொல்லியிருக்கிறேன், எதையும் நினைவில் வைத்ததில்லை. இவர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக நடந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை என் தோளைத் தாண்டாமல் நின்ற இவர் கையை நான் என்னவென்று நினைத்தேன்.

"நான் இன்னொருக்கா கேட்டிருக்கணும்" என்றார். பை மடியில் இருந்தது. அதன் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்." ஆறுதலுக்குச் சொன்னது இல்லை, உண்மையைச் சொன்னேன்.

"அது தெரிஞ்சுதான் டீச்சர் கேக்கல."

மருந்துக் கடையில் கூட்டம் குறைந்த பிறகு எழுந்து போனோம்.